மார்பகத்தில் வென்ற மருந்து வயிற்றில் ஏன் தடுமாறுகிறது?

1997-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட காலம். ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் 9 நாடுகளில், அறுவை சிகிச்சை செய்ய முடியாத அளவுக்கு முற்றிவிட்ட கல்லீரல் புற்றுநோயாளிகள் 300-க்கும் மேற்பட்டோர் ஒரு பரிசோதனையில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. இன்னொரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் டமாக்சிஃபென். மூன்றாம் பிரிவினருக்கு 120 மில்லிகிராம். யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 60 மில்லிகிராம் பிரிவில் 41 சதவீதம். 120 மில்லிகிராம் பிரிவில் 35 சதவீதம்.

மருந்து கூடக் கூட ஆயுள் குறைந்திருக்கிறது.

டமாக்சிஃபென் ஊர் பேர் தெரியாத மருந்தல்ல. மார்பகப் புற்றுநோய்க்கு அரை நூற்றாண்டாக உலகமெங்கும் கொடுக்கப்படும் மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றில் ஐந்தாண்டு தொடர்ந்து சாப்பிட்டால், அந்நோயால் சாகும் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல்லாயிரம் பெண்களின் தரவுகள் காட்டுகின்றன. இவ்வளவு நல்ல பெயர் எடுத்த மருந்து கல்லீரலில் மட்டும் ஏன் இப்படிக் கவிழ்ந்தது? அதை முதலில் கல்லீரலுக்குக் கொண்டுபோனது யார், எந்த நம்பிக்கையில்?

இந்தக் கதை மார்பகத்தில்தான் தொடங்குகிறது. 1896-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சினைப்பையை எடுத்துவிட்டால் கட்டி சுருங்குவதைப் பற்றி எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. சினைப்பையிலிருந்து ஏதோ ஒன்று போய் மார்பகக் கட்டிக்கு உரமாகிறது என்ற அளவில்தான் புரிந்தது. அது ஈஸ்ட்ரோஜன் என்பதும், செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு புரதம் இருக்கிறது என்பதும் தெரிய அறுபது ஆண்டு ஆனது. 1950-களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் ஹார்மோனில் கதிரியக்க அடையாளம் பதித்து, அது உடலில் எங்கே போய்த் தங்குகிறது என்று பின்தொடர்ந்தார். கருப்பையிலும் வேறு சில திசுக்களிலும் மட்டும் அது நிலைத்து நின்றது. பிடித்து நிறுத்திய அந்தப் புரதத்துக்குத்தான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்று பெயர்.

ஹார்மோன் வந்து ஒட்டியதும் ஏற்பி செல்லின் கருவுக்குள் மரபணுக்களின்மேல் அமர்ந்து சிலவற்றை முடுக்கிவிடுகிறது, சிலவற்றை அடக்குகிறது. மார்பகச் செல்லில் அப்படி முடுக்கப்படுபவற்றில் பல, செல்லைப் பிளந்து பெருகச் சொல்பவை. டமாக்சிஃபென் அதே இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஹார்மோனுக்கு வழிவிடாமல் செய்கிறது. 1960-களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கியபோது தேடியது கருத்தடை மாத்திரையை. அந்த வேலைக்கு அது ஆகவில்லை. 1971-இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோதுதான் அதன் உண்மையான இடம் தெரிந்தது.

ஆனால் டமாக்சிஃபென் எல்லா இடத்திலும் தடுப்பான் அல்ல. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற அதே மூலக்கூறு, எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்து எலும்பைக் காக்கிறது. கருப்பையின் உட்சுவரிலும் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்து, அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. ஒரு படத்தில் நாயகனாக வந்த நடிகர் அடுத்த படத்தில் வில்லனாக வருவதில்லையா, அப்படித்தான். முகம் ஒன்றே. வேடத்தைத் தீர்மானிப்பது அந்தந்தத் திசுவில் ஏற்பியோடு சேர்ந்து இயங்கும் துணைப் புரதங்கள். ஆகவே ஒரு மருந்து மார்பகத்தில் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால், குடலிலும் இரைப்பையிலும் அது என்ன செய்யும் என்று சொல்லிவிட முடியாது. இந்தத் துறையின் பாதி ஏமாற்றங்களுக்குக் காரணம் இதை மறந்ததுதான்.

இனி வயிற்றுக்கு வருவோம். செரிமானப் பாதையின் புற்றுநோய்கள் ஆண், பெண் இருபாலரையும் சமமாகத் தாக்குவதில்லை. இரைப்பைப் புற்று உலக அளவில் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கல்லீரல் புற்று இரண்டிலிருந்து மூன்று மடங்கு. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வரும் அடினோகார்சினோமா வகையில் இடைவெளி இன்னும் பெரிது. பெருங்குடலில் குறைவு, ஆனாலும் உண்டு. குடி, புகை, ஹெப்படைட்டிஸ்-பி தொற்று, தொப்பை என்று ஒவ்வொன்றாகக் கழித்தாலும் கணக்கு முழுதாகத் தீர்வதில்லை. மிச்சத்துக்குப் பெண் ஹார்மோன் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது இயல்பு.

இங்கேதான் ஒரு முரண். ஈஸ்ட்ரோஜன் பெண்ணைக் காக்கிறது என்றால் அதை ஏன் தடுக்க வேண்டும்? கல்லீரலில் டமாக்சிஃபெனைச் சோதித்தவர்கள் வேறொரு முனையிலிருந்து வந்தார்கள். சில கல்லீரல் கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தது. கருத்தடை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்ட பெண்கள் சிலருக்குக் கல்லீரலில் புற்றல்லாத கட்டிகள் வந்ததும் பதிவாகியிருந்தது. ஏற்பி இருக்கிறது, ஹார்மோன் வளர்க்கிறது, ஆகவே தடுப்போம் என்பது மார்பகத்திலிருந்து கடன் வாங்கிய கணக்கு. 1990-களின் முதற்பாதியில் சிறு சிறு சோதனைகள் சில, ஆயுள் கூடுவதாகவே சொல்லின. நம்பிக்கை வளர்ந்தது. 1998-இல் இத்தாலியில் கிட்டத்தட்ட 500 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய சோதனையில் பலன் எதுவும் தென்படவில்லை. அந்த முடிவு வருவதற்கு முன்பே, 1997-இல் தொடங்கிவிட்ட ஆசிய-பசிபிக் குழு, அளவைக் கூட்டினால் பலன் கிடைக்குமா என்று 120 மில்லிகிராம் வரை போய்ப் பார்த்தது. அதன் விளைவைத்தான் முதலில் பார்த்தோம். சிறிய சோதனை தரும் நல்ல சேதியைப் பெரிய சோதனை பொய்யாக்குவது மருத்துவத்தில் புதிதல்ல. ஆனால் இவ்வளவு துலக்கமான எடுத்துக்காட்டு அடிக்கடி கிடைப்பதில்லை.

முரணுக்கான விடையில் ஒரு பகுதி 2007-இல் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மைக்கேல் கேரின் குழுவினர் எலிகளுக்குக் கல்லீரல் புற்றை உண்டாக்கும் வேதிப்பொருளைச் செலுத்தினார்கள். ஆண் எலிகளுக்கு எளிதில் புற்று வந்தது, பெண் எலிகளுக்கு வெகு குறைவு. காரணத்தைத் தேடிப் போனபோது, கல்லீரலில் தங்கியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருளில் போய் நின்றது. ஆண் எலியில் அது ஏராளமாகச் சுரந்தது. பெண் எலியில் ஈஸ்ட்ரோஜன் அதை அடக்கி வைத்திருந்தது. அந்தப் பொருளுக்கான மரபணுவையே நீக்கிவிட்ட எலிகளில் ஆண், பெண் வேறுபாடு மறைந்துபோனது. அதாவது ஈஸ்ட்ரோஜன் புற்றுச் செல்லோடு நேராகப் பேசவேயில்லை, அக்கம்பக்கத்துச் செல்களை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தது. புற்றுச் செல்லில் ஏற்பி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

பெருங்குடலின் கதை வேறு. அங்கே முக்கியமானது இரண்டாவது ஏற்பி. ஜென்சன் கண்டது ஒன்றே ஒன்று என்றுதான் நாற்பது ஆண்டுகள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1996-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஜார்ஜ் கைப்பரும் யான்-ஆகே குஸ்டாஃப்சனும் எலியின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து இன்னொன்றைக் கண்டெடுத்தார்கள். பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா என்றாயிற்று. மார்பகப் புற்றில் ஆட்டம் போடுவது ஆல்ஃபா. பெருங்குடலின் உட்சுவரில் மிகுந்திருப்பது பீட்டா.

பீட்டாவின் குணம் பெரும்பாலும் அடக்குவது. அந்த மரபணு இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் குடற்சுவரில் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. மனிதரிலும், நல்ல குடல் திசுவில் உள்ள பீட்டா ஏற்பி, புற்று முற்ற முற்றக் குறைந்துகொண்டே போகிறது. எஸ்.டபிள்யூ.480 என்ற பெருங்குடல் புற்றுச் செல் வரிசையில் குஸ்டாஃப்சன் குழுவினர் பீட்டா ஏற்பியைத் திரும்பப் புகுத்தியபோது செல்கள் பெருகும் வேகம் குறைந்தது. அந்தச் செல்களை எலிக்குள் வைத்தபோது கட்டியும் சிறிதாகவே வளர்ந்தது. ஆகவே குடலில் தேட வேண்டியது தடுக்கும் மருந்தையல்ல, பீட்டாவை மட்டும் தட்டி எழுப்பும் மருந்தை என்று பல ஆய்வகங்கள் திசை திரும்பின.

மனிதரிடம் இதற்கு ஆதாரம் உண்டா? உண்டு, ஆனால் அது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறது. அமெரிக்காவின் பெண்கள் உடல்நல முன்முயற்சி என்ற மாபெரும் ஆய்வில், மாதவிடாய் நின்ற 16,608 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரை தரப்பட்டது. 2002-இல் அதை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, மார்பகப் புற்று 26 சதவீதம் கூடியிருந்ததும் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகரித்ததும் காரணம். அதே ஆய்வில் பெருங்குடல், மலக்குடல் புற்று 37 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல செய்தி என்று துள்ளுவதற்குள் 2004-இல் விவரம் வந்தது. ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கு வந்த குடல் புற்றுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கண்டுபிடிக்கும்போதே கூடுதலாகப் பரவியிருந்தன. பின்னாளில் கணக்குப் பார்த்தபோது குடல் புற்று மரணங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்த இணை ஆய்வில் குடல் புற்று குறையவேயில்லை. குடல் புற்றைத் தவிர்க்க ஹார்மோன் மாத்திரை சாப்பிடுங்கள் என்று இன்று எந்த நல்ல மருத்துவரும் சொல்லாததற்கு இதுவே காரணம்.

இரைப்பைக்கு ஸ்வீடனிலிருந்து இரண்டு தடயங்கள் உண்டு. புராஸ்டேட் புற்றுக்காக ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்ட ஆண்களை நாடு முழுவதும் பின்தொடர்ந்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களுக்கு இரைப்பைப் புற்று எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்திருந்தது. அதற்கு முன்பே ஸ்டாக்ஹோமில், மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் எடுத்த பெண்களிடம் இரைப்பை, குடல் புற்றுகள் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. இரண்டும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் அந்த இரண்டாவது கண்டுபிடிப்பை வேறு பெரிய சோதனைகள் உறுதி செய்யவில்லை. அழகாகப் பொருந்துவதெல்லாம் உண்மையாகிவிடுவதில்லை.

ஆய்வகத் தட்டுகளில் நடப்பதைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். உணவுக்குழாய் அடினோகார்சினோமாவை ஆராய உலகெங்கும் பயன்படும் செல் வரிசைகளில் இரண்டு, ஓ.இ.33, ஓ.இ.19. முன்னது ஒரு முதிய பெண்ணின் உணவுக்குழாய்க் கட்டியிலிருந்து வந்தது. பின்னது ஒரு முதிய ஆணுக்கு, உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் இருந்த கட்டியிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இவற்றில் ஆல்ஃபாவை மட்டும் தடுக்கும் வேதிப்பொருளையும், பீட்டாவை மட்டும் தடுக்கும் வேதிப்பொருளையும் தனித்தனியே இட்டுப் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுமே செல் வளர்ச்சியைக் குறைத்தன. பீட்டா நல்லது, காப்பது என்றால் அதைத் தடுக்கும்போது வளர்ச்சி கூட வேண்டாமா? உணவுக்குழாயில் பீட்டாவின் வேடம் வேறாக இருக்கலாம். அல்லது அந்த வேதிப்பொருள்கள் ஏற்பியைத் தவிர வேறெதையோ தாக்கியிருக்கலாம்.

இரண்டாவது சாத்தியத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் புற்றைக் கொல்லும் மருந்து கண்டுபிடிப்பு என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன. ஈஸ்ட்ரோஜன் தன் ஏற்பியோடு ஒட்ட நானோமோலார் அளவு, அதாவது ஒரு லிட்டரில் ஒரு கிராமின் கோடியில் சில பங்கு போதும். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்ணின் ரத்தத்தில் அந்த மருந்து ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழேதான் இருக்கும். தட்டில் செல்லைக் கொல்ல ஆய்வாளர்கள் பல நேரம் 10, 20 மைக்ரோமோலார் வரை ஊற்றுகிறார்கள். அந்த அளவில் டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே இல்லாத செல்களையும் கொல்லும். செல்லுக்குள் செய்தி கடத்தும் புரோட்டீன் கைனேஸ்-சி போன்ற வேறு நொதிகளை அது முடக்குவது 1980-களிலேயே தெரிந்துவிட்டது. அப்படிக் கிடைக்கும் மரணத்துக்கு ஏற்பியைத் தடுத்ததால் வந்த வெற்றி என்று பெயர் சூட்டுவது நியாயமில்லை. உடலுக்குள் அந்த அளவை எட்ட வைத்தால் புற்றுக்கு முன்பாக நோயாளி படுத்துவிடலாம். கல்லீரல் சோதனையில் 120 மில்லிகிராம் கொடுத்ததற்குப் பின்னாலும், அதிக அளவில் இந்த மருந்து ஏற்பியை நம்பாமலே புற்றைத் தாக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது.

தட்டின் பொல்லாப்பு இதோடு முடியவில்லை. செல் வளர்க்கும் திரவத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சாயம் இருக்கும். ஃபீனால் ரெட் என்ற அந்தச் சாயம், திரவம் புளிக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டுவதற்காகச் சேர்க்கப்படுவது. பல பத்தாண்டுகளாக எல்லா ஆய்வகங்களிலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினார்கள். 1986-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெனிட்டா கட்சனெலன்போகனும் ஜான் கட்சனெலன்போகனும் உடனாய்வாளரோடு சேர்ந்து, அந்தச் சாயமே பலவீனமான ஈஸ்ட்ரோஜனாக வேலை செய்கிறது என்று காட்டினார்கள். ஹார்மோன் இல்லாத தட்டு என்று நம்பியதிலெல்லாம் ஹார்மோன் சாயல் இருந்திருக்கிறது! அதற்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் ஆய்வு செய்பவர்கள் சாயமில்லாத திரவத்தையும், கரியால் ஹார்மோனை உறிஞ்சி நீக்கிய சீரத்தையும் பயன்படுத்துவது வழக்கமாயிற்று. அந்த விவரம் இல்லாத ஆய்வுக் கட்டுரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பதே முறை.

இதைவிடப் பெரிய வேடிக்கை 2010-இல் வெளிவந்தது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு, உணவுக்குழாய் அடினோகார்சினோமா என்று உலகம் நம்பிய செல் வரிசைகளின் மரபணுக் கைரேகையைச் சோதித்தது. எஸ்.இ.ஜி.-1 என்பது உண்மையில் நுரையீரல் புற்றுச் செல். பி.ஐ.சி.-1 பெருங்குடல் புற்றுச் செல். எஸ்.கே.ஜி.டி.-5 இரைப்பைப் புற்றுச் செல். எப்போதோ, எங்கோ ஒரு ஆய்வகத்தில் குடுவைகள் கலந்துபோயிருக்கின்றன. அதற்குள் இவற்றை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதப்பட்டுவிட்டன. ஓ.இ.33, ஓ.இ.19 இரண்டும் அந்தச் சோதனையில் அசல் என்று தேறின. அந்த வகையில் பிரிட்டிஷ் ஆய்வின் அடித்தளம் உறுதியானது.

சமையலறைக்குள்ளும் இந்த விஷயம் வந்திருக்கிறது. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற வடிவம் கொண்டது. ஆல்ஃபாவைவிட பீட்டா ஏற்பியோடு நன்றாக ஒட்டக்கூடியது. குடலுக்குத் தேவை பீட்டா, சோயா தருவது பீட்டாவுக்குப் பிடித்த பொருள், ஆகவே மீல் மேக்கர் சாப்பிட்டால் குடல் புற்று வராது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி தயாரிக்க இரண்டு நிமிடம் போதும். ஜெனிஸ்டீனும் தட்டில் குடல் புற்றுச் செல்களின் வளர்ச்சியைக் குறைப்பது உண்மைதான். ஆனால் அங்கேயும் பயன்படுத்தப்படும் அளவு பல நேரம் சாப்பாட்டில் இருந்து ரத்தத்துக்கு வருவதைவிட மிக அதிகம். சோயா நல்ல புரத உணவு. அதற்காகச் சாப்பிடலாம். மருந்தென்று நினைத்துப் பொடியும் மாத்திரையுமாக வாங்கி விழுங்க ஆதாரம் போதாது.

இன்று நிலவரம் என்ன? மார்பகப் புற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்று சோதிக்காமல் சிகிச்சையைத் தொடங்குவதில்லை. இரைப்பை, குடல், கல்லீரல், உணவுக்குழாய்ப் புற்றுகளில் அந்தச் சோதனை சிகிச்சையைத் தீர்மானிக்கும் வழக்கம் இல்லை. இந்த உறுப்புகளின் புற்றுக்கென்று ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் குறிவைக்கும் எந்த மருந்தும் நடைமுறைச் சிகிச்சையில் இடம்பெறவில்லை. பீட்டாவை மட்டும் தேர்ந்து தூண்டும் மூலக்கூறுகளும், 2005-இல் செல்லின் சவ்வுப் பகுதியில் அடையாளம் காணப்பட்ட மூன்றாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் குறிவைப்பவையும் ஆய்வு நிலையில் இருக்கின்றன. வேலை நடக்கட்டும். எந்த ஏற்பி, எந்த உறுப்பு, எந்தச் செல், எவ்வளவு மருந்து என்ற நான்கு கேள்விக்கும் விடை சொல்லாமல் புற்றுச் செல் வளர்ச்சி குறைந்தது என்று மட்டும் சொல்லும் செய்தியைச் சிகிச்சையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழ்நாட்டில் மார்பகப் புற்றுக்காக டமாக்சிஃபென் சாப்பிட்டுவரும் பெண்கள் ஏராளம். இதைப் படித்துவிட்டு வயிற்றுக்கு ஆகாதோ என்று பயந்து அவர்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு அதனால் கிடைக்கும் நன்மை உறுதியானது, சந்தேகம் இருந்தால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்கலாம். குடல் புற்று உள்ளவர்கள் யாரோ சொன்னார்கள் என்று அதே மாத்திரையைக் கடையில் வாங்கிச் சாப்பிடவும் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, சாப்பாடு இறங்காமல் தொண்டையிலோ நெஞ்சிலோ அடைப்பது, வாரக்கணக்கில் மாறாத மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், ஆணானாலும் பெண்ணானாலும் தள்ளிப்போடாமல் போய் எண்டோஸ்கோப்பியோ கொலனோஸ்கோப்பியோ தேவையா என்று கேளுங்கள்.